அப்பா வரும் பக்கம்

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். மகளுக்கு நாலரை வயது. கணவர் போன வருஷம் இறந்துவிட்டார். மதுரை ஆனையூர்ப் பக்கம் வாடகை வீட்டில் நீங்கள், மகள், உங்கள் அம்மா என்று மூன்று பேர். குடும்பத்தைப் பற்றிய நல்ல தமிழ்ப் படப் புத்தகம் எது என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் இருப்பவற்றில் எல்லாம் அப்பா, அம்மா, அண்ணன், தங்கச்சி என்றே வருகிறது, அதனால் அப்பா வரும் தாள்களைச் சேர்த்து ஒரு கிளிப் போட்டுவிட்டுத்தான் படித்துக்காட்டுகிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். புத்தகங்களைச் சொல்கிறேன், அது எளிது. நீங்கள் கேட்க வந்தது அந்தக் கிளிப்பைப் பற்றி என்றுதான் எனக்குப் படுகிறது. போட்டது சரியா, எத்தனை நாள் போட்டு வைப்பது, எடுத்தால் பிள்ளை என்ன ஆவாள். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் உசிலம்பட்டி, டி. கல்லுப்பட்டி வட்டாரத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 27 வருஷம் ஒன்றாம், இரண்டாம் வகுப்பு டீச்சராக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகும் சனி ஞாயிறுகளில் எங்கள் தெருப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைத்துப் படித்துக்காட்டுகிறேன். மனநல மருத்துவம் படித்தவள் இல்லை. அதனால் எது ஆராய்ந்து கண்டது, எது நான் பிள்ளைகளிடம் பார்த்தது, எது என் அபிப்பிராயம் மட்டும் என்று பிரித்தே சொல்கிறேன்.

பல வருஷத்துக்கு முன்னால் என் இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அப்பா லாரி ஓட்டியவர், விபத்தில் போய்விட்டார். வகுப்பில் இருந்த ஒரு படப் புத்தகத்தில் அப்பா மகனை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போகிற பக்கம் ஒன்று உண்டு. பிள்ளை முகம் வாடிவிடக் கூடாதே என்று, அந்தத் தாளை முந்தின தாளோடு சேர்த்துப் பிடித்து ஒரே புரட்டாகப் புரட்டிவிடுவேன். நாலைந்து தடவை இப்படி நடந்திருக்கும். ஒருநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்து மற்றப் பிள்ளைகள் தட்டுக் கழுவப் போன நேரம், அவன் என் பக்கத்தில் வந்து நின்று, 'டீச்சர், ஒரு தாளு விட்டுட்டீங்க' என்றான். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். புத்தகத்தை வாங்கி, ஒட்டிக்கிடந்த தாளை நகத்தால் பிரித்து, அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு படத்தில் இருந்த அப்பாவின் காலில் விரலை வைத்து, 'இவரு செருப்புப் போடல. எங்கப்பாவும் லாரியில ஏறுறப்ப செருப்பக் கழட்டி வச்சிருவாரு' என்றான். அவ்வளவுதான். அடுத்த தாளை அவனே புரட்டினான்.

அந்தப் பக்கம் அங்கே இருப்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது, நான் மறைப்பதும் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் அது தெரியாமல் இருந்தது. நாலரை வயதுப் பிள்ளை எழுத்தைப் படிக்காது, படத்தைப் படிக்கும். ஒரே புத்தகத்தை இருபது தடவை கேட்ட பிள்ளைக்கு எந்தப் படத்துக்கு அடுத்து எந்தப் படம் என்று நம்மைவிட நன்றாகத் தெரியும். ஒரு வார்த்தையை மாற்றிப் படித்தாலே கையைப் பிடித்து நிறுத்துகிற வயது. உங்கள் புத்தகத்தில் அவள் கண்ணில் முதலில் படுவதே அந்தக் கிளிப்பாகத்தான் இருக்கும். அப்பாவைப் பற்றி அம்மாவிடம் பேசக் கூடாது போல என்று அவள் நினைத்துக்கொள்ளக்கூடும். அப்படித்தான் நினைப்பாள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அப்பாவையோ அம்மாவையோ இழந்து என் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் பலரும் வீட்டுப் பெரியவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று முடிவு செய்தார்கள். ஆகவே கிளிப்பை எடுத்துவிடுங்கள். போட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. முதல் சில மாதங்கள் உங்களாலேயே அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்க முடியாது. அது உங்களுக்குத் தேவைப்பட்ட கிளிப்.

எடுத்த பிறகு அந்தப் பக்கத்தை எப்படிப் படிப்பது? அவசரமாகத் தாண்டவும் வேண்டாம், நிறுத்தி வைத்துப் பாடம் எடுக்கவும் வேண்டாம். மற்றப் பக்கங்களைப் படிக்கிற அதே குரலில் படியுங்கள். படித்துவிட்டு ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் சும்மா இருங்கள். அவள் ஏதாவது சொன்னால் அதையே பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேளுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் புரட்டிவிடுங்கள். உங்களுக்குக் கண் கலங்கினால் கலங்கட்டும், 'அப்பா ஞாபகம் வந்துருச்சு' என்று சொல்லிவிட்டு மேலே படியுங்கள். காரணம் தெரியாத அழுகைதான் சின்னப் பிள்ளையைப் பயமுறுத்தும். நாம ஏதோ தப்புப் பண்ணிட்டோம் என்று அது நினைத்துக்கொள்ளும்.

பிள்ளையைப் பேசவிட்டுப் படிக்கிற இந்த முறைக்கு உறுதியான ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1988-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏறக்குறைய இரண்டிலிருந்து மூன்று வயதுக்குள் இருந்த பிள்ளைகளின் பெற்றோரில் ஒரு பிரிவினருக்கு மட்டும், 'ஆமா', 'இல்ல' என்று முடிந்துவிடாத கேள்வியாகக் கேட்கவும், பிள்ளை சொன்னதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் சொல்லவும் பழக்கினார்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகள் பேச்சில் முந்திவிட்டார்கள். அதற்குப் பிறகு பலரும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் இது பேச்சு வளர்வதைப் பற்றியது. ஒரு படப் புத்தகம் துக்கத்தை ஆற்றுமா என்பது வேறு கேள்வி, அதற்கு இத்தனை வலுவான ஆதாரம் கிடையாது. 'இந்தப் புத்தகத்தைப் படித்தால் பிள்ளை தேறிவிடும்' என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். பேசுவதற்கு ஒரு சாக்கைப் புத்தகம் கொடுக்கும், அது மட்டும் எனக்கு நிச்சயம்.

அவள் 'அப்பா எங்கே' என்று கேட்கிற நாளும் இந்தப் பக்கத்தில்தான் வரும், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஹங்கேரியில் மரியா நாகி என்பவர் 378 பிள்ளைகளிடம் சாவைப் பற்றிப் பேசி, எழுதவும் வரையவும் சொல்லி, 1948-இல் அதை வெளியிட்டார். ஐந்து வயதுக்குக் கீழே இருந்தவர்கள் பெரும்பாலும் செத்தவர் எங்கோ போயிருக்கிறார், அல்லது தூங்குகிறார், திரும்பி வரலாம் என்றே எண்ணினார்கள். நம் வீடுகளில் 'ஊருக்குப் போயிருக்காரு', 'சாமிகிட்ட போயிட்டாரு', 'தூங்குறாரு' என்றுதான் சொல்லி வைக்கிறோம். பிள்ளை ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருப்பதை நாமும் சேர்ந்து உறுதி செய்கிறோம். பிறகு அது வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காரும், இல்லையென்றால் தூங்கவே பயப்படும். 'அப்பா இறந்துட்டாரு. அவரு உடம்பு வேலை செய்யாம நின்னுருச்சு. இனிமே வர முடியாது. அவரைப் பத்தி நாம எப்ப வேணும்னாலும் பேசலாம்' என்று உங்கள் வீட்டுப் பேச்சிலேயே சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் போதாது. பத்து தடவை கேட்பாள், பத்து தடவையும் அதையே சொல்ல வேண்டியிருக்கும்.

சரி, புத்தகங்களுக்கு வருவோம். குடும்பம் என்று தலைப்பிலேயே போட்டு, 'இவர் என் அப்பா, இவர் என் அம்மா' என்று பக்கத்துக்கு ஒருவராகக் காட்டும் புத்தகங்களை நான் அதிகம் மதிப்பதில்லை. உங்கள் வீட்டு நிலைமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு உறவு இன்னும் பிடிபடாத விஷயம். ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே நூறு வருஷத்துக்கு முன்பே இதைக் காட்டிவிட்டார். 'உனக்கு அண்ணன் இருக்கானா?' 'இருக்கான்.' 'உங்க அண்ணனுக்குத் தங்கச்சி இருக்கா?' 'இல்ல.' நானே கேட்டுப் பார்த்திருக்கிறேன், ஐந்து வயதில்கூட இந்தப் பதில் வரும். தானே அந்தத் தங்கச்சி என்று அந்த வயதில் தோன்றாது. ஆகவே கிளை கிளையாக வரைந்த குடும்ப மரம் எல்லாம் ஏழெட்டு வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். இந்த வயதுக்குக் குடும்பம் என்றால் யார் சோறு ஊட்டுவது, யார் சடை பின்னுவது, ராத்திரி யார் பக்கத்தில் படுப்பது. அதைச் செய்கிற ஆட்கள் வருகிற கதை எதுவோ அதுதான் குடும்பக் கதை, அட்டையில் அந்தச் சொல் இல்லாவிட்டாலும்.

இன்னொன்று, இதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்கு ஆறாது. நம் ஊர்ப் பிள்ளைகளின் உறவுப் பெயர்கள் புத்தகத்தில் இல்லை. எங்கள் மதுரைப் பக்கம் பல வீடுகளில் அப்பாவைப் பெற்றவள் அப்பத்தா, அம்மாவைப் பெற்றவள் அம்மாச்சி. புத்தகத்தில் இரண்டு பேரும் பாட்டி. ஒரு தடவை நான் 'பாட்டி முறுக்குச் சுட்டாள்' என்று படித்ததும், முன்வரிசையில் இருந்த பெண்பிள்ளை ஒன்று எழுந்து வந்து படத்தின் காதைத் தொட்டு, 'டீச்சர், இது அப்பத்தா' என்றது. எப்படித் தெரியும் என்றேன். 'தண்டட்டி போட்டிருக்குல்ல. எங்க அம்மாச்சி தோடுதான் போடும்.' படம் வரைந்தவர் அந்தக் காதுக்கு எதை நினைத்து வரைந்தாரோ. அந்தப் பிள்ளைக்கு அந்தப் பக்கம் அன்றைக்கு வீடாகிவிட்டது, பாட்டி என்ற சொல்தான் நடுவில் நின்றது.

இங்கிலீஷிலிருந்து மொழிபெயர்த்து வரும் புத்தகங்களில் இது இன்னும் சிக்கல். அவர்களுக்கு ஆன்ட்டி என்று ஒரே சொல். நமக்கு அது அத்தையா, சின்னம்மாவா, பெரியம்மாவா, மாமியா என்று தெரியாமல் வாயைத் திறக்க முடியாது. பிரதர் என்றால் அண்ணனா தம்பியா? யார் முந்திப் பிறந்தது என்பது நம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கசின் என்பதற்கோ சொல்லே இல்லை, ஏனென்றால் பெரியப்பா பிள்ளை நமக்கு அண்ணன் தம்பி, மாமா பிள்ளை மச்சான், மதினி. முறையே வேறு. நல்ல மொழிபெயர்ப்பாளர் படத்தைப் பார்த்து, உயரத்தைப் பார்த்து, கதையில் யார் யாரை அதட்டுகிறார் என்று பார்த்து, அண்ணன் என்றோ தம்பி என்றோ துணிந்து எழுதுவார். துணியாதவர் 'சகோதரன்' என்று எழுதிவிடுவார். கடையில் படப் புத்தகத்தைப் பிரித்ததும் 'சகோதரன்', 'தந்தை' என்ற சொற்கள் கண்ணில் பட்டால் நான் வைத்துவிடுவேன். எந்த நாலு வயதுப் பிள்ளை தன் தம்பியைச் சகோதரன் என்கிறது? படம் நன்றாக இருந்து விட மனசில்லை என்றால், வாங்கி வந்து பென்சிலால் அடித்து உங்கள் வீட்டுச் சொல்லை மேலே எழுதுங்கள். உங்கள் வீட்டில் இருப்பது அம்மாச்சி என்றால் பாட்டி வருகிற இடமெல்லாம் அம்மாச்சி என்று எழுதுங்கள். புத்தகத்தில் கிறுக்கலாமா என்று யோசிக்காதீர்கள், இது திருத்தம்.

இப்படித் திருத்துவதற்கு முழு உரிமையும் தந்து இலவசமாகவே புத்தகம் தருகிறவர்களும் உண்டு. 2004-இல் தொடங்கிய பிரதம் புக்ஸ் என்ற குழந்தைப் புத்தகப் பதிப்பகம், 2015-இல் ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தைத் திறந்தது. அதில் தமிழிலும் ஏராளமான படக்கதைகள் இருக்கின்றன, வாசிப்புத் திறனுக்கு ஏற்ப நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு முதல் நிலையில் ஆரம்பித்து இரண்டாம் நிலைவரை போகலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருவதால், எழுதியவர், வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டு, இறக்கி, அச்செடுத்து, சொற்களை மாற்றியும் வைத்துக்கொள்ளலாம். அங்கே ராஜீவ் ஐப் எழுதி வரைந்த ஒரு கதை இருக்கிறது. சூரஜ் என்ற பையனும் அவன் அம்மாச்சியும் கப்பி, நெம்புகோல் மாதிரி எளிய கருவிகளைக் கொண்டு தேங்காய் பர்ஃபி செய்கிறார்கள். அப்பா அம்மா எங்கே என்ற பேச்சே அந்தக் கதையில் எழுவதில்லை. பேரனும் அம்மாச்சியும் வேலையில் மும்முரமாக இருக்கிறார்கள், அவ்வளவுதான். விளக்கம் கேட்காத, விளக்கம் சொல்லாத இந்த மாதிரிக் கதைதான் உங்கள் மகளுக்கு முதலில் வேண்டும் என்பேன். எழுத்து அவள் வயதுக்குக் கொஞ்சம் கூடுதல். படத்தைக் காட்டி நீங்களே சொல்லுங்கள்.

விலைக்கு வாங்குவதென்றால், சென்னையிலிருந்து வரும் துளிகா புத்தகங்களைப் பாருங்கள். தமிழில் தனியாகவும், தமிழும் இங்கிலீஷும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற மாதிரியும் போடுகிறார்கள். சந்தியா ராவ் எழுதி நீனா சப்னானி படம் செய்த, அம்மாவின் சேலையைப் பற்றிய புத்தகம் அவர்களுடையதுதான். பிள்ளைகள் சேலைக்குள் ஒளிகிறார்கள், சுற்றிக்கொள்கிறார்கள், பக்கத்துக்குப் பக்கம் துணி வழிந்துகொண்டே போகிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு வரிதான். முடிந்ததும் உங்கள் பீரோவைத் திறந்து ஒரு சுங்குடிச் சேலையை எடுத்து அவளிடம் கொடுங்கள், மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள். 1957-இல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்ட்டின் குழந்தைப் புத்தகங்கள் விலை குறைவு. பொதுவாகப் பழைய பதிப்புகளில், எந்தப் பதிப்பகமானாலும், அப்பா பேப்பர் படிப்பார், அம்மா அடுப்படியில் நிற்பார், அதைப் பார்த்து எடுங்கள். பாரதி புத்தகாலயத்தின் மெல்லிய குழந்தை நூல்களும் பிள்ளை கையில் கொடுத்துக் கசக்கவிடுகிற விலையில் கிடைக்கும்.

வாங்குவதற்கு முன் ஒருநாள் புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். 2023 ஜூலை 15-இல் திறந்தது, பிள்ளைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. ஆனையூரிலிருந்து பெரிய தூரமும் இல்லை. நீங்கள் எடுத்துக் கொடுக்காமல் அவளே எதை எடுக்கிறாள் என்று பாருங்கள். அப்பாவும் மகளும் இருக்கிற படத்தையே அவள் திரும்பத் திரும்ப எடுத்தால் திகைக்காதீர்கள், என் அனுபவத்தில் அது நடக்கும். புத்தகத்தில் தன்னைப் பார்ப்பது கண்ணாடி, அடுத்தவரைப் பார்ப்பது ஜன்னல் என்று ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990-இல் எழுதினார். அது ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்த முடிவு இல்லை, கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கண்ணாடியே கிடைப்பதில்லை என்று கண்டு வைத்த வாதம். எனக்கு அது சரி என்று படுகிறது. உங்கள் மகளுக்கு இரண்டும் வேண்டும். அம்மாச்சி வீடு அவளுக்குக் கண்ணாடி. அப்பா இருக்கிற வீடு ஜன்னல், சில நாள் அதுவே அவளுக்குப் பழைய கண்ணாடி.

மதுரையில் இருந்துகொண்டு மீனாட்சி கதையைச் சொல்லாமல் விட முடியவில்லை. இந்த ஊரின் பெரிய கதையே ஒரு குடும்பக் கதை. மலயத்துவச பாண்டியன் இறந்த பிறகு அந்த அரண்மனையில் இருந்தது அம்மா காஞ்சனமாலையும் மகளும்தான். மகள் நாட்டை ஆண்டாள், படையெடுத்துப் போனாள், கல்யாணமும் நடந்தது. அப்பா இல்லாததால் கன்னிகாதானம் நிற்கவில்லை, அண்ணன் வந்து தாரை வார்த்தார். இன்றைக்கும் சித்திரையில் திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் அதற்காகவே வருகிறார். தங்கச்சி கல்யாணத்துக்கு அழகர் கிளம்பி வந்து, முடிந்துவிட்டது என்று கேட்டதும் ஆற்றோடு கோபித்துக்கொண்டு போன கதை ஊருக்கே தெரியும். அது மக்கள் கட்டிய கதை. அழகர் வைகைக்கு வருவது மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்க என்றுதான் தலபுராணம் சொல்கிறது. பிள்ளைக்கு மக்கள் கதையே போதும், கோபித்துக்கொண்டு போகிற அண்ணனை அதற்குப் புரியும். ஒரு பகுதியை மட்டும் இப்போது சொல்ல வேண்டாம். காஞ்சனமாலை கடலாட ஆசைப்பட்டதும் ஏழு கடலும் ஊருக்குள் வந்தன, ஏழுகடல் தெரு என்ற பெயர் அதில் வந்ததுதான். அவள் கணவன் கையைப் பிடித்து நீராட வேண்டும் என்பதற்காக மலயத்துவசனை மேலுலகத்திலிருந்து இறைவன் வரவழைத்தார் என்று திருவிளையாடற் புராணம் சொல்கிறது. அழகான கதை. ஆனால் நாலரை வயதில் இதைக் கேட்டால், நம்ம அப்பாவையும் கூப்பிடலாமே என்றுதான் கேட்பாள். ஏழெட்டு வயது ஆகட்டும்.

இத்தனை புத்தகத்துக்கும் மேலாக நான் சொல்வது, நீங்களே ஒரு புத்தகம் செய்யுங்கள். அச்சில் வரும் படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம் இருப்பதற்குக் காரணம், பெரிய தாளை மடித்தால் 16 பக்கம் வரும், இரண்டு மடிப்பைச் சேர்த்தால் 32. உங்களுக்கு 16 போதும். நாலு ஏ4 தாளை, கெட்டியானதாக இருந்தால் நல்லது, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துக் குறுக்கே பாதியாக மடியுங்கள். மடிப்பில் மூன்று துளை போட்டு, கோணி ஊசியில் கெட்டி நூலைக் கோத்து நடுத்துளையில் ஆரம்பித்து நடுத்துளையிலேயே முடிச்சுப் போடுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு ஆள் அல்லது ஒரு வேலை. போட்டோ இருந்தால் நகல் எடுத்து மைதாப் பசையில் ஒட்டுங்கள், ஒரிஜினலை ஒட்டாதீர்கள். இல்லாவிட்டால் அவள் வரையட்டும். கீழே ஒரே வரி, அவள் வாயில் வந்த வரி, அவள் சொன்ன மாதிரியே. 'அம்மாச்சி வெத்தலை போட்டா நாக்கு செவக்கும்.' இலக்கணம் திருத்தாதீர்கள்.

அப்பாவுக்கும் அதில் பக்கம் வேண்டும். எத்தனையாவது பக்கம் என்று அவளே சொல்லட்டும். அவர் முகத்தைத்தான் வைக்க வேண்டும் என்று இல்லை. அவர் வண்டிச் சாவி, சட்டைத் துணியில் ஒரு துண்டு, அவர் சாப்பிட்ட டிபன் பாக்ஸ், அவளுக்கு எது அப்பாவோ அது. எழுதும்போது அப்பா 'செய்தார்' என்று போடுவதா, 'செய்கிறார்' என்று போடுவதா என்று உங்கள் கை நிற்கும். பல தாய்மார்களுக்கு நின்றிருக்கிறது. நம் மொழியில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. 'அப்பா இட்லிக்குச் சீனி தொட்டுக்கிடுவாரு' என்று எழுதுங்கள். அப்போது வழக்கமாகச் செய்ததையும் இப்படித்தான் சொல்வோம், இப்போது வழக்கமாகச் செய்வதையும் இப்படித்தான் சொல்வோம். பொய்யும் இல்லை, அவரைத் தள்ளி வைத்ததும் இல்லை. அந்த லாரிக்காரர் மகனும் 'செருப்பக் கழட்டி வச்சிருவாரு' என்றுதான் சொன்னான்.

பள்ளிக்கூடத்திலும் 'என் குடும்பம்' என்று பாடம் வரும், படம் வரையச் சொல்வார்கள். அதற்கு முன்பே மிஸ்ஸைத் தனியாகப் பார்த்து விஷயத்தைச் சொல்லி வையுங்கள், எத்தனை பேரை வேண்டுமானாலும் வரையலாம் என்று வகுப்புக்கே பொதுவாகச் சொல்லிவிடச் சொல்லுங்கள். டீச்சர்களுக்கு அது ஒரு வரி வேலை, சொன்னால் செய்வார்கள்.

அவள் வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் இருந்தாலோ, விட்டுப்போன படுக்கை நனைப்பு மறுபடி வந்து நிற்காமல் இருந்தாலோ, உங்களை விட்டு ஒரு நிமிஷம்கூட விலகாமல் இருந்தாலோ, அது புத்தகத்தால் ஆகிற காரியம் இல்லை. அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, கூட்டிக்கொண்டு போங்கள். போவதற்கு முன் யாரிடமாவது கேட்க வேண்டும் என்றால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், இலவசம், தமிழில் பேசுவார்கள். உங்களுக்காகவும் அதில் பேசலாம்.

கடைசியாகக் கிளிப்பைப் பற்றி ஒன்று. இத்தனை நாள் இருந்ததால் எடுத்த பிறகும் தாளில் அதன் தடம் இருக்கும், இரும்புக் கிளிப் என்றால் துருவும் கொஞ்சம் பிடித்திருக்கும். அவள் அதைத் தடவிப் பார்த்து இது என்ன என்று கேட்பாள். 'அம்மாவுக்கு இந்தப் பக்கத்தப் பார்த்தா அழுகை வந்துச்சு, அதான் கிளிப் போட்டு வச்சிருந்தேன். இப்ப எடுத்துட்டேன்' என்று சொல்லுங்கள்.